மிஷின்காரரின் காதும் ஊர் வானொலியும்

ஊருக்கு வானொலி நிலையம் வந்தது, மூடிக்கிடந்த ஐஸ் பாக்டரிக்குள். ஐஸ் கட்டிகளை அடுக்கிவைத்த குளிர் அறையின் சுவர் முழுக்கத் தக்கை பதித்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. இதைவிட நல்ல ஸ்டூடியோ எங்கே கிடைக்கும் என்று, பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நிலையம் தொடங்கக் கிளம்பிய டீச்சர் அந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தார். இடத்தோடு சேர்ந்து வந்தவர்தான் மிஷின்காரர்.

பாக்டரியில் கம்ப்ரசர் ஓட்டியவர் அவர். வேலை போய் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரை, ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார் டீச்சர். கரண்ட் போனாலும் நிலையம் ஊமையாகாமல் இருந்தது அவர் புண்ணியத்தில். ஆனால் ஆயுசில் பாதியைக் கம்ப்ரசர் பக்கத்திலேயே கழித்ததில் காது மந்தமாகியிருந்தது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"எனக்கு என்ன கேடு? இப்பல்லாம் யாரு வாயைத் திறந்து பேசறாங்க? எல்லாரும் முணுமுணுக்கறாங்க" என்பார், தெருக்கோடிக்குக் கேட்கும்படி.

புழுக்கம் தாங்காமல் ஸ்டூடியோ கதவைத் திறந்து வைத்துச் செய்தி வாசித்த ஒரு நாள், "டீசல் தீர்ந்துபோச்சு!" என்ற அவர் குரலும் செய்தியோடு சேர்ந்து ஊர் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒலிபரப்பு நேரத்தில் அவர் கதவுப் பக்கமே வரக்கூடாது என்றாகிவிட்டது.

ஒரு மதியம் பேச வரவேண்டிய டாக்டர் வரவில்லை. கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மிஷின்காரர் மனைவியைப் பார்த்தார் டீச்சர். வாய்த்துடுக்குக்காரி என்று தெருவில் பேர் வாங்கியவர் அந்த அக்கா.

"அக்கா, கொஞ்ச நேரம் உள்ள வந்து எதையாவது பேசுங்களேன்."

"எதையாவதா? அது எனக்குக் கைவந்த கலையாச்சே!" என்று மைக் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மா.

தடையை மறந்து, ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, "என் வீட்டுக்காரி உள்ள என்ன பண்றா?" என்று முழங்கினார் மிஷின்காரர். அவர் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல், டீச்சர் தன் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை திருகிவிட்டார்.

"குடை எங்கேன்னு கேட்டேன். கடை இன்னைக்கு லீவுங்கறார்" என்று உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார் மனைவி. எதிரில் உட்கார்ந்திருந்த அறிவிப்பாளர் பெண் சிரித்தாள். மிஷின்காரரும் சிரித்துவிட்டார். அப்புறம்தான் உறைத்தது, ஒவ்வொரு எழுத்தும் அவருக்குக் கேட்கிறது என்று.

கணவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் மனைவி மேலே போனார். "ஒரு காலத்துல சாப்பிட்டு முடிச்சா பேசிக்கிட்டே இருப்போம். இப்ப அவருக்குக் கேக்கணும்னா நான் கத்தணும். கத்தினா, சண்டைன்னு பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கறாங்க. அதான் பேச்சையே குறைச்சுட்டேன். கோபம்னு நினைச்சுக்கிட்டு அவர் பாட்டுக்கு மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கறார்."

மிஷின்காரருக்குச் சிரிப்பு நின்றுபோனது. நிகழ்ச்சி முடியும்வரை அசையாமல் நின்றார். மனைவி வெளியே வந்து, ஹெட்போனும் தலையுமாக அவரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு." அவர் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. "கோபம்னுதான் நினைச்சேன்."

மறுவாரமே காது டாக்டரிடம் போனார். தானாகவேதான் போனார். மனைவிக்கோ வாராவாரம் ஒரு நிகழ்ச்சி அமைந்தது. தங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றியும் பேசச் சொல்லி ஊரே போன் போட்டது.

காதில் மிஷின் மாட்டிக்கொண்ட முதல் நாள், இருவரும் வேலை முடிந்து ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். செருப்புச் சத்தம், சைக்கிள் மணி, யாரோ தண்ணீர் ஊற்றுவது என்று வழிநெடுக நின்று நின்று கேட்டார் அவர்.

"மெதுவாப் பேசுடி, காது வலிக்குது" என்றார்.

"இத்தனை வருஷப் பாக்கி இருக்கே, மெதுவா பேசினா எப்ப தீரும்?" என்று தொடங்கினார் மனைவி.