தொட்டிக்குப் பக்கத்து வளவு

மழை இருட்டினால் மற்றப் பெண்கள் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க ஓடுவார்கள். நான் தொட்டியைப் பார்க்க ஓடுவேன்.

சுனாமி எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு, தகரக் கொட்டிலில் கிடந்து, கடைசியில் வாவிக் கரையில் ஒரு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். எங்களுக்கு விழுந்தது ஆகக் கடைசி வீடு, பள்ளப் பக்கம். அந்த இடத்தில் மண்வெட்டியை நாலு தரம் போட்டாலே தண்ணீர் ஊறிவிடும். வீட்டுக்கு வீடு மலகூடக் குழி வெட்ட ஏலாது என்று, எல்லா வீட்டுக் கக்கூஸ் தண்ணீரையும் குழாயில் இறக்கி ஒரே இடத்தில் சேர்த்தார்கள். பெரிய சீமெந்துத் தொட்டி, அதற்கு அங்கால் பாய் இழைக்கிற பன் புல் நட்ட பாத்தி. தொட்டியில் தெளிந்து, புல்லுக்குள்ளால் வடிந்து, சுத்தமாகித்தான் வாவிக்குப் போகும் என்றார்கள். அந்தத் தொட்டிக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவே ஒரு முருங்கை மரம்தான் நின்றது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு விஷயம் விளங்காவிட்டால் விளங்குமட்டும் பயப்படுவேன். விளங்கிய பிறகு அதற்கும் பயப்படுவேன்.

தொட்டியைக் கட்ட உதவிய வெளிநாட்டுக்காரர்கள் நாடா வெட்டிவிட்டுப் போனார்கள். பிறகு அதை யார் பார்ப்பது? பிரதேச சபையில் கேட்டால், "அது எங்கட பொறுப்புக்குத் தரப்படல்ல" என்றார்கள். அதற்குள் மறுகரையில் சண்டை மூண்டது. ஆட்கள் காணாமல் போகிற காலத்தில் கக்கூஸ் தண்ணீரைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

சண்டை முடிந்ததும் முகாம்களில் இருந்த சனம் திரும்பியது. பூட்டிக் கிடந்த வீடுகள் நிறைந்தன, சில வீட்டில் இரண்டு குடும்பம். தொட்டி மட்டும் அதே தொட்டி. வீதிக்குத் தார் ஊற்றிக் காப்பெற் போட்டார்கள், சந்திக்கு விளக்குப் போட்டார்கள். மண்ணுக்குக் கீழே ஓடுவதைத் திருத்த யாருக்கும் காசில்லை. அந்த மார்கழியில் வாவி பெருகியது, தொட்டி நிறைந்தது, கழிவுத் தண்ணீர் முருங்கை மரம் தாண்டி எங்கள் வீட்டு வளவுக்குள் வந்தது. கிணற்றுச் சுவரில் கறுப்பாய் ஒரு கோடு விழுந்தது. அன்றிலிருந்து குடிக்கிற தண்ணீருக்கு நான் பள்ளிக்கூடத்தடிக் குழாய்க்குக் குடத்தோடு நடந்தேன்.

வாவி வடிய ஒரே வழி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே மூடிக் கிடக்கும் மணல் திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறப்பது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மழைக் காலத்தில் ஒவ்வொரு வருஷமும் அதற்கு ஒரு கூட்டம் நடக்கும். வயல்காரர் வயல் வட்டைக்குள் நெல்லு அழுகுது, வெட்டுங்கோ என்பார்கள். மீன்காரர் இறால் இன்னும் பருக்கவில்லை, பொறுங்கோ என்பார்கள். என் மனிசன் இறால் பிடிக்கிறவர். அவர் கூட்டத்தில் பொறுங்கோ என்று கத்திக்கொண்டு நிற்க, நான் வீட்டுச் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று வெட்டவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த மழைக்கு முன்னால்தான் அந்தச் செய்தி வந்தது. சிறிய ஊர்களின் கழிவுத் தொட்டிகளைப் பெருப்பிக்க அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கிறதாம். புளியந்தீவுப் பட்டணத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. வந்து பார்த்துவிட்டு இல்லை என்றால்?

வருகிறவர்களுக்கு ஊரைத் துப்புரவாகக் காட்ட வேண்டாமா? திட்டம் முழுக்கக் கல்யாண வீடு மாதிரிக் கூட்டிப் பெருக்கினார்கள். சுனாமிக்குப் பிறகு கிணறு இறைத்து குளோரின் போடப் பழக்கியிருந்தார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் விடவில்லை. வாளி வாளியாகப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எல்லா வீட்டுக் கக்கூசிலும் ஊற்றினோம். என் மனிசனின் தங்கை, அடுத்த வீட்டு மச்சாள், எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"என்னகா, இண்டைக்கு உங்கட கக்கூசுக்குள்ள பாய் போட்டுப் படுக்கலாம் போல இரிக்கி."

"நீ போய்ப் படு. எனக்கு நெஞ்சு படபடக்குது."

"உங்களுக்கு எப்பதான் படபடக்கல்ல?"

மனிசன் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

"இஞ்ச பாரு. மீன்பிடிச் சங்கத்தில எல்லாரும் கதைச்சி வச்சிரிக்கம். தொட்டி நிறையுது எண்டு சொல்லு. ஆத்துக்குள்ள போகுது எண்டு மட்டும் வாய் தொறக்காத."

"ஏன்?"

"ஓட்டமாவடி யாவாரிட காதில விழுந்தா இறால எவன் வாங்குவான்? நாமளே கறிக்கு வச்சித் தின்னவா?"

"அப்ப என்ட கிணறு?"

அவர் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார்.

வந்தவர்கள் இரண்டு பேர். சபை ஐயா ஒருவர், காசு கொடுக்கிற திட்டத்திலிருந்து ஒரு மிஸ். இளம் பிள்ளைதான், வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தாள். தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"பிளீச்சிங் ஊத்தினது யாரு?"

"நாங்க எல்லாரும்தான் மிஸ்," என்றோம் பெருமையாக.

அவள் தலையில் கை வைத்தாள். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றனவாம், அவைதான் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றனவாம். "நீங்க அதையெல்லாம் கொன்னு போட்டீங்க."

"நல்லது செய்யிற கிருமியும் இரிக்கா?" என்றாள் மச்சாள். "முதலே சொல்லியிருந்தா நாங்க சோறு போட்டு வளத்திருப்பம்."

சனம் சிரித்தது. மிஸ்சும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சபை ஐயா பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா மிஸ்? தொட்டியில குறையில்ல. பாவிக்கத் தெரியா. இவங்களுக்கு ஒரு வகுப்பு வச்சாக் காணும். இந்தக் காச வேற ஊருக்குக் குடுக்கலாம்."

காசு போகிறது, மழை வருகிறது, கோடு இன்னும் மேலே ஏறப் போகிறது. சனத்துக்குள்ளால் இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனேன்.

"மிஸ், ஒருக்கா என்ட கிணத்தடிக்கு வாங்க."

வந்தாள். கிணற்றுச் சுவரில் இருந்த கறுப்புக் கோட்டைக் காட்டினேன். மாரி மழையில் எது எங்கே வந்து நின்றது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் முருங்கை மரத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"இவ்வளவு தண்ணியும் பிறகு எங்க போச்சுது?"

சங்கத்து ஆட்கள் வேலியில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முருங்கை இலையைக் கிள்ளினேன். ஒன்றைக் கிள்ளி, இன்னொன்றைக் கிள்ளி.

"ஆத்துக்குள்ளதான் மிஸ்," என்றது மனிசனின் குரல். அவர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. "நான் வலை போடுற இடத்துக்குத்தான்."

வேலியோரம் யாரோ காறித் துப்பினார்கள்.

அதற்குப் பிறகு கனகாலம் அவரோடு தோணியில் போகிற கூட்டாளி வேறு ஆளோடு போனான். யாவாரி வந்தால், "இது எந்தப் பக்கத்து இறால்?" என்று கேட்கத் தொடங்கினார். மனிசன், "அங்கால் பக்கம்" என்று வாவியின் நடுவைக் காட்டுவார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும். ஏன் சொன்னீங்க என்று ஒருநாள் கேட்டேன். "நீ இலையெல்லாத்தையும் புடுங்கி மரத்த மொட்டையாக்கிருவாய் எண்டுதான்," என்றார்.

காசு வந்தது, முழுக்க அல்ல. தொட்டியின் சுவரை உயர்த்தி, பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டினார்கள். மழை நீரை வெளியே தள்ளுகிற பம்பு அடுத்த ஒதுக்கீட்டில் வருமாம். வகுப்பும் வைத்தார்கள். பிளீச்சிங் ஊற்றக்கூடாது என்று படம் போட்ட தட்டி ஒன்று சந்தியில் நிற்கிறது.

மார்கழி திரும்பவும் வந்தது. மழை விடாமல் பெய்தது. தொட்டிச் சுவரோரம் ஒரு கம்பை நட்டு வைத்தேன். வாவித் தண்ணீர் அதில் எவ்வளவு ஏறுகிறது என்று போய்ப் போய்ப் பார்த்தேன். பின்னேரம் மனிசன் ஆற்றுவாய்க் கூட்டத்துக்குப் போய்விட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"வெட்டுறாங்களா?"

"இல்ல. இறால் இன்னும் சின்னன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொறுக்கச் சொன்னன். இப்பதான் உனக்குச் சுவர் இரிக்கே."

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் புதுச் சுவரின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. கிணற்றில் வாளியை விட்டு இழுத்து மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. ஆனாலும் குடிக்க மனம் வரவில்லை, ஊற்றிவிட்டேன். திரும்பவும் கம்பைப் பார்க்கப் போனேன்.

மச்சாள் தன் வீட்டு யன்னலுக்குள்ளால் கத்தினாள்.

"என்னகா, உங்கட கிருமிக்குச் சோறு குடுக்கவா போறீங்க?"

"ஓம்," என்றேன். ஒரு சாண் இருந்ததா, அதற்குக் குறைவா என்று எனக்கு அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. குனிந்து கையை வைத்து இன்னொரு தரம் அளந்தேன்.