மைனஸ் ஒன்பது தசம் நாலும் அப்பாவின் நாலு வாய்ச் சோறும்

இன்று மத்தியானம் அப்பா நாலு வாய் சோறு சாப்பிட்டார்!

(சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இது பெரிய செய்தி.)

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவருக்குப் பசியே இல்லை. முல்லைத்தீவுக் கடலில் முப்பது வருடம் வலை இழுத்த மனிதர், இப்போது கதிரையிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்கிறார். நிறை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

என் கெம்பஸ் ஆராய்ச்சியும் பசியைப் பற்றியதுதான். வயிறு வெறுமையானால் கிரெலின் என்றொரு ஹோர்மோனை அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள மூளையில் ஓர் ஏற்பி இருக்கிறது; அது வாங்கினால்தான் பசிக்கும். எந்த மருந்து அந்த ஏற்பியில் போய் இறுக்கமாக ஒட்டும் என்று லப்டொப்பில் கணக்கு ஓடவிட்டுப் பார்க்கிறேன். லீவில் வீட்டுக்கு வந்தும் அதே வேலை.

இன்று ஓடவிடும்போது அப்பா பக்கத்தில் வந்து இருந்தார். படகு இறக்கும் முன் அதன் முன்மூக்கான அணியத்தில் சிலுவை போடுவாரே, அப்படியே லப்டொப்பிலும் போட்டார்!

"மாதாவே, பிள்ளைக்கு நல்லது வரட்டும்."

வந்தது. மைனஸ் ஒன்பது தசம் நாலு.

இதுவரை எனக்குக் கிடைத்ததில் ஆகச் சிறந்தது! (இந்தக் கணக்கில் மைனஸ் கூடக் கூடத்தான் பிடி இறுகும்.)

ஆனால் சந்தோசம் வரவில்லை. இது குளிசையாக வர எத்தனையோ வருடம் ஆகும். வராமலே போகலாம். அப்பாவுக்கு அவ்வளவு காலம் இல்லை. அதை நினைத்ததும் அழுதுவிட்டேன்.

அப்பா ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மைனசோ பிள்ளை? சைபருக்கும் கீழயோ?"

"ஓம் அப்பா, ஆனா..."

"அழாத. ஒருநாள் வலை வெறுமையா வந்தா தொழிலை விடுறதே? உன்ர மருந்து சரிவராட்டி என்ன, நான் சாப்பிடுறன்."

குசினிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். "இஞ்சேரும், சோத்தைக் கொண்டு வாரும்!"

அம்மா சோறும் மீன் சொதியுமாக ஓடி வந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாயாக விழுங்கினார். தொண்டை படும் பாடு எனக்குத் தெரிந்தது. வாய் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கை கழுவியபின் கேட்டார்.

"நாளைக்கும் ஓடவிடுவியோ பிள்ளை?"

"ஓம் அப்பா. நாளைக்கும் பெயிலாத்தான் வரும்போல கிடக்கு."

"பரவாயில்லை. நான் சாப்பிடுறன்."

எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறவர்களிடம் ஒரு கெஞ்சல்: மைனஸ் நல்லது என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.