கேஸ் கசிந்த வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை நான் வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்தேன். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மிஷின் மக்கர் செய்ததால், சாயங்காலத்துக்குள்ளேயே எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். மிஷின் ஒழுங்காக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை முழுசாக நினைத்துப் பார்த்ததில்லை. பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

வாசல் கதவைத் தள்ளியதும் நாற்றம் மூக்கில் அறைந்தது. கேஸ் நாற்றம். ஏதோ கொஞ்சம் கசிகிறது என்று சொல்கிற அளவில் இல்லை. தொண்டை வரைக்கும் இறங்கியது. கொசு வரும் என்று அக்கா ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்படியை ஒட்டிய சாமி அலமாரிக்கு முன்னால் அவள் நின்றாள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரியை நிமிர்த்திவிட்டு, தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்திருந்தாள்.

"அக்கா, கிழிக்காத!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏன்டி இப்படிக் கத்துற?"

"கேஸு! வீடு பூரா கேஸு அடிக்குது, உனக்குத் தெரியலயா?"

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் நான் சொன்னதை நம்பினாள். கையிலிருந்த குச்சியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, எதிலும் உரசாமல் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். எனக்கு முதலில் மின்விசிறியை நிறுத்தவேண்டும் என்று தோன்றி சுவிட்சுக்குப் போனேன்.

"தொடாத!" என்று இப்போது அவள் கத்தினாள். "பொறி பறக்கும். அது ஓடுனா ஓடட்டும். மொதல்ல கதவைத் தொற."

பட்டாசு ஆலையில் எத்தனையோ வருஷம் வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள். பொறியைப் பற்றி அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்தேன். அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்தபோது சிலிண்டர் தலையிலிருந்து 'உஸ்' என்ற சத்தம் மெலிதாகக் கேட்டது. ரெகுலேட்டர் திருகு திறந்தே கிடந்தது. அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு ரெகுலேட்டரை அப்படியே விட்டுவைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தெருவில் யார் வீட்டிலும் அதுதான் பழக்கம். திருகை மூடியதும் சத்தம் நின்றது. இரண்டு பேரும் தெருவுக்கு ஓடிவந்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். அடுத்தடுத்த வீடுகளில் அடுப்பை அணைக்கச் சொல்லி அவரே சத்தம் கொடுத்துக்கொண்டு போனார்.

இருட்டுவதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். நடுவயசுக்காரர். சிலிண்டரை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து ரெகுலேட்டரைக் கழற்றினார். வால்வின் வாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி உற்றுப் பார்த்தார். குமிழ் எதுவும் வரவில்லை.

"உள்ள இருக்கிற பின்னு நல்லாத்தான் மூடுது" என்றார். "ரெகுலேட்டரைத் திறந்தா இந்தப் பின்னு கீள போகும், கேஸ் மேல வரும். மூடுனா பின்னு மேல வந்து அடைச்சுக்கிடும். இதுல கோளாறு இல்ல."

பிறகு வளைந்த கம்பி ஒன்றை விட்டு, வால்வுக்குள்ளிருந்து கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மோதிரத்தைவிடச் சின்னது. ஒரு பக்கம் பல் பட்டதுபோல அறுந்திருந்தது.

"இந்தா, இதுதான். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவுல இது இறுக்கிப் பிடிக்கணும். பிஞ்சுபோச்சுன்னா திறந்திருக்கிற நேரம் பூரா வெளிய வந்துக்கிட்டேதான் இருக்கும். காத்தை விடக் கனம், தரையோட தரையாப் படுத்துக் கிடக்கும்." புது வளையத்தைப் பொருத்தி, ரெகுலேட்டரை மாட்டித் திறந்து, சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் தடவினார். நுரை அசையாமல் இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"மத்தியானத்துல இருந்தே கசிஞ்சிருக்கும்மா. வீட்டுலதான இருந்தீக? வாசம் வரலையா?"

நான் முந்திக்கொண்டு "அவளுக்குச் சளி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்குச் சளி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு கேட்டேன். "எப்பல இருந்து?"

"ஆஸ்பத்திரியில கண்ணு முளிச்சதுல இருந்து" என்றாள்.

அதற்கு முந்தைய வருஷம் அவள் வேலை பார்த்த ஆலையில் வெடிவிபத்து நடந்தது. கணவர் இறந்த பிறகு என்னோடு வந்து தங்கி, இங்கிருந்துதான் ஆலை வண்டியில் போய்வந்துகொண்டிருந்தாள். வெடிகளுக்குள் மருந்து செலுத்தும் அறையில் அவளோடு இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அக்காவை மட்டும் வெடிப்பு வெளியே தூக்கி அடித்தது. பின்மண்டை சுவரில் மோதியது. இடது கை வெந்துபோனது. கைக்கு நான் பார்த்த வைத்தியம் கொஞ்சநஞ்சமில்லை. மூக்கைப் பற்றி அவளும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குழம்பு இரண்டு மூன்று தடவை அடிப்பிடித்திருக்கிறது. ஊசிப்போன சோற்றை ஒருநாள் தின்றுவிட்டு வாந்தி எடுத்தாள். "கவனிக்கல" என்பாள். விபத்துக்குப் பிறகு மனசு ஒருநிலையில் இல்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடுப்படிக்குள்ள விட மாட்ட. அதையும் விட்டுட்டு நான் என்னத்த செய்ய?"

எனக்குக் கோபம் வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் நீ இருந்திருப்பாயா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருந்திருக்குமா என்று கேட்டேன். அவள் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே ஆலை விபத்தைப் பற்றிச் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்குத்தான் மொதல்ல வாசம் வந்துச்சு. மருந்து சூடேறுன வாசம். எந்திரிச்சு வெளிய வாங்கடின்னு சொன்னேன். எம் பக்கத்துல இருந்த பிள்ள சிரிச்சா. அக்காவுக்கு எப்பவும் பயந்தான், இந்தக் கட்டு முடிச்சிட்டு வாரேன்னா. நான் வாசல் நடையைத் தாண்டல, அம்புட்டுத்தான்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்றாள். இழுத்திருந்தால் இரண்டு பேரும் அந்த நடையிலேயே செத்துப்போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்குமா, இன்னும் கொல்லுமா என்று தெரியவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மண்டையில் அடிபட்டதில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கும் என்றார் டாக்டர். சிலருக்குத் திரும்பும், இத்தனை நாளாகியும் திரும்பவில்லை என்றால் நம்பிக்கை குறைவு என்றார். அக்கா அதைக் கேட்டு அழவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நெசமாவே கேஸுக்கு வாசமே கெடையாதாமே, நம்மளுக்குத் தெரியணும்னு நாத்தத்தைக் கலக்குதாகளாமே" என்று மட்டும் கேட்டாள். காத்திருக்கும் இடத்தில் யாரோ பேசியதைக் காதில் வாங்கியிருக்கிறாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் சட்டம் போட்டேன். அடுப்பைப் பற்ற வைப்பதும் அணைப்பதும் நான் மட்டும். அணைத்ததும் ரெகுலேட்டரை மூடவேண்டும். கசிவைக் கண்டால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கி அடுப்படிச் சுவரில் தரையோரமாக மாட்டினேன். வேலைக்குப் போகுமுன் சமைத்து வைத்துவிடுவேன். அக்கா காய் நறுக்குவாள், மாவு அரைப்பாள். ஒருநாள் மறந்துபோன பையை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்தேன். அவள் அடுப்படித் தரையில் மண்டியிட்டு, மூடியிருந்த சிலிண்டர் தலையில் காதை வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தீபாவளி சீசன் நெருங்கியதும் வேலைக்குப் போகிறேன் என்றாள். "மருந்துக்கா?" என்றேன்.

"மருந்துக்கு எவன் எடுப்பான் என்னைய? நாரணாபுரத்துல வெடிக்குக் காயிதக் குளாய் உருட்டுற எடத்துக்குக் கூப்பிடுதாக. அங்கன மருந்தே கெடையாது."

தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. வீட்டில் தனியாக இருப்பதைவிட அது மேல் என்றாள். அதில் நியாயம் இருந்தது. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால், ஆம்புலன்ஸ் போனால், நான் அச்சகத்திலிருந்து அவளுக்குப் போன் செய்வேன். "உசுரோடதான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

சாப்பாட்டில் அவளுக்கு உப்பும் உறைப்பும் மட்டும்தான் தெரிகிறது. ஆள் பாதியாகிவிட்டாள். ஆரம்பத்தில் சாயங்காலம் நான் வந்ததும், "கொளம்பு எப்படி மணக்குது, சொல்லு" என்பாள். கருவேப்பிலை தூக்கலாக இருக்கிறது, நல்லெண்ணெய் வாசம் தனியாகத் தெரிகிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். நாளாக நாளாக எனக்கும் அலுத்துவிட்டது. நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற உடம்பு. "நல்லா இருக்குக்கா, சாப்பிடு" என்று முடித்துவிடுவேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டு, டி.வி.யைப் பார்த்தபடி, மருந்து சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள்.