கட்டங்களுக்குள் ஆயிரத்து அறுநூறு பேர்

ஆக்னசின் மூன்று மாதச் சோதனைக் காலம் அன்றோடு முடிகிறது. பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்தவள். பட்டாபிராமில் ஒரு கண் மருத்துவமனைக்குத் தமிழில் டோக்கன் அச்சிட்டுத் தர வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் முடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் அந்த நாலு சுவர்.

பென் டிரைவில் வந்திருந்த நோயாளிகள் பட்டியலை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் ஜன்னலில், திறந்தாள். கறுப்புத் திரை முழுக்க வெள்ளைக் கட்டங்கள். ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. ஃபான்ட்டை, அதாவது எழுத்துருவை, மாற்றினாள். கட்டம். இன்னொன்று. கட்டம். ஐந்தாவது ஃபான்ட்டில் கட்டங்கள் கொஞ்சம் குண்டாயின, அவ்வளவுதான். தமிழில் நாலு பெயர் தெரிய ஒரு பெண் இவ்வளவு பாடுபட வேண்டுமா?

பொறுமை செத்தது. கோளாறு ஃபைலில்தான் என்று முடிவுகட்டி, அதன் என்கோடிங்கை, அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையையே, மாற்றிச் சேமித்தாள். கட்டங்கள் மறைந்தன. அந்த இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

அப்போதுதான் அவள் நெஞ்சில் இடி விழுந்தது. கட்டம் என்றால் பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, காட்டத்தான் ஃபான்ட் இல்லை. கேள்விக்குறி என்றால் பெயரே போய்விட்டது. ஆயிரத்து அறுநூறு பேரையும் தன் கையாலேயே அழித்துவிட்டாள், பாவி!

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். பதிவு மேசையில் இருக்கும் வேம்புலியம்மாள் எடுத்தாள்.

"அக்கா, லிஸ்ட்டை இன்னொரு தடவை அனுப்புவீங்களா? நான் கெடுத்துட்டேன்."

"இன்னாம்மா நீ! நேத்துதானே பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தேன்? இங்க கேட் வரைக்கும் ஜனம் நின்னுகினு கீது. அத்தினி பேரையும் முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன்க்கா."

எதிர்முனை சிரித்தது. "அழுவாத. மெயில்ல போடறேன். இத்தயாவது ஒயுங்கா வெச்சுக்கோ."

இம்முறை ஃபைலைத் தொடவே இல்லை. தமிழ் ஃபான்ட் ஒன்றை நிறுவி, டெர்மினலில் தேர்ந்தெடுத்தாள். பெயர்கள் வந்தன. ஆனால் என்ன கோலம்! ஒவ்வொரு குறிக்கும் ஒரே அளவு இடம்தான் தருவேன் என்று டெர்மினல் அடம்பிடித்ததில், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி நடுத்தெருவில்.

மேலாளர் ஸ்ரீகாந்த் பின்னால் வந்து நின்றார். "என்னங்க, பேரெல்லாம் பிச்சிப் போட்ட மாதிரி இருக்கு? மணி பதினொன்னே முக்கால். ஃபைலைச் சரி பண்ணுங்க."

"மாட்டேன் சார். ஃபைல் நல்லா இருக்கு. இந்த டெர்மினலுக்குத்தான் தமிழ் காட்டத் தெரியல. காலைல இதை நம்பித்தான் லிஸ்ட் மொத்தத்தையும் கெடுத்தேன்."

"கெடுத்தீங்களா?"

"ஆமா சார். திரும்ப வாங்கிட்டேன். பிரிண்ட் குடுக்கறேன், பாருங்க."

பிரிண்டர் முக்கி முனகி ஒரு சீட்டைத் தள்ளியது. கொம்பும் காலும் புள்ளியும் கூடிச் சேர்ந்து, முழுசாக ஒரு பெயர்: செங்கேணியம்மாள்.

ஸ்ரீகாந்த் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மிச்சத்தையும் அடிங்க. அப்புறம் மேல வந்து வேலை நிரந்தர ஆர்டரை வாங்கிக்குங்க."

ஆக்னசின் கண்கள் நிறைந்தன. கண்ணீரில் திரையின் எழுத்துகள் இன்னும் மோசமாகச் சிதறின. "சனியனே!" என்று அந்த டெர்மினலை மூடினாள்.