பெர்லிட்டா அக்காவின் பாக்கிப் படங்கள்

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பெர்லிட்டா அக்கா எழுந்துவிடுவார். திரையில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். ரயில் நிலையத்தில் ஒரு தகப்பன் பொம்மையும் கையுமாகத் தவித்துக்கொண்டிருப்பான். அவன் பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அக்கா படத்தை நிறுத்தி, பென் டிரைவைப் பிடுங்கி, அலமாரி மேல் நிற்கும் குழந்தை இயேசுவின் சிவப்பு அங்கிக்குள் செருகிவிடுவார். அங்கே யார் கையை விடத் துணிவார்கள்?

"போதும், எந்திரிங்க. மீதி அவரு வந்தப்புறம்."

அவர் என்பது ஹெர்னானி. சரக்குக் கப்பலில் சமையல்காரர். பிலிப்பைன்ஸில், இலோய்லோ ஊரில், எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒரு ஆள் கடலில்தான் இருக்கிறான். 'பர்' என்று முடியும் மாதம் பிறந்துவிட்டால் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி. செப்டம்பர் பிறந்ததும் அக்கா வாசலில் நட்சத்திர விளக்கு ஏறிவிடும்; ஞாயிறு மதியம் சந்தே அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும். நானும்தான். இருப்பது ஒரே மின்விசிறி. அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பந்தியில் பரிமாறுவது போல ஆளுக்குக் கொஞ்சம் காற்று கொடுக்கும். படத்தில் வருபவர்களுக்குக் குளிரில் பல் தந்தியடிக்கும், எங்களுக்கு முதுகில் வியர்வை வழியும்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் அக்கா கறார். பனி பெய்தே ஆகவேண்டும். ஒரு குழந்தையோ நாயோ, குறைந்தபட்சம் ஒரு சிடுமூஞ்சிக் கிழவனோ இருக்கவேண்டும். சாவு கூடாது. "யாராச்சும் சாகணும்னா படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செத்துத் தொலைச்சிரணும். பண்டிகை நாளும் அதுவுமா என்னால ஒப்பாரி வைக்க முடியாது" என்பார். சொல்வாரே தவிர, நாய்க்குக் கால் வலித்தால்கூட அக்கா கண்ணில் தண்ணீர் நிற்காது.

பிழைப்பு பிபிங்கா. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, தட்டு மூடி, மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துச் சுடுவார். டிசம்பரில் விடியற்காலைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வருபவர்கள் நேராக அந்த வாசனையில் வந்து விழுவார்கள். எப்படியிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அடுப்பைக் காட்டுவார்: "இதோ, மேலயும் நெருப்பு, கீழயும் நெருப்பு. ஆனா வேகறது நல்லா வேகுது."

ஹெர்னானி விடுப்பில் வந்தால் முதல் காரியம் சேர்த்துவைத்த முடிவுகளை எல்லாம் ஒரே மூச்சில் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் அக்கா முன்கதை சொல்வார். "இவன் அப்பன். அவ ஆத்தா. நடுவுல நாய் காணாமப் போச்சு. இப்ப பாரு." மனுஷன் இதுவரை ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஒருமுறை என்னிடம் உருகினார்: "எப்பேர்ப்பட்ட ஜனங்கப்பா அவங்க! ஒரு சண்டை கெடையாது, சச்சரவு கெடையாது. கதவைத் தொறந்தா கட்டிப் புடிச்சுக்கறாங்க!"

இந்தப் பைத்தியக்கார வழக்கம் எதற்கு என்று அக்காவைக் கேட்டேன். இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணமான புதுசுல ஒரு படம் முழுசாப் பாத்தேன். படத்துல அந்தாளு வீடு வந்து சேந்துட்டான். எங்க வீட்டுக்காரரு வரல. சோறு எறங்கல எனக்கு. வர்றதா இருந்தா எல்லாரும் ஒண்ணா வரட்டும்னு அன்னிக்கே நிறுத்திட்டேன்." அதற்குப் பிறகு நான் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அவர் வரவில்லை. மாற்று ஆள் ஏறாததால் கப்பல்காரர்கள் அவரை விடவில்லை. அந்த வருஷத்து முடிவுகள் அத்தனையும் அங்கிக்குள்ளேயே தங்கிவிட்டன. காணாமல் போன நாய் வீடு திரும்பியதா என்று தெரியாமல் ஒரு சந்தே ஓராண்டு தவித்தது. பெட்டிக்கடை மரிவிக் பொறுக்கமாட்டாமல் தன் கைப்பேசியில் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டு திரிகிறாள். "அவ மூஞ்சியப் பாக்காதீங்க. முடிவு அங்கதான் ஓடுது" என்று அக்கா எங்களை எச்சரிப்பார்.

இந்த வருஷமும் நவம்பரில் வரவேண்டியவர் டிசம்பர் பாதியாகியும் வரவில்லை. அக்கா வழக்கம்போலச் சிரித்துப் பேசினார். ஆனால் பிபிங்கா இரண்டு முறை அடிப்பிடித்தது. இத்தனை வருஷத்தில் நான் கருகிய பிபிங்கா தின்றது அப்போதுதான். "இந்த வருஷமும் அண்ணன் வரலேன்னா என்னக்கா பண்ணுவ?" என்று மரிவிக் கேட்டுவிட்டாள். "இன்னும் நாலு படம் சேரும். வேற என்ன?" என்றார் அக்கா. குரல் சரியாக இல்லை.

இருபத்து நான்காம் தேதி மதியம் சந்து முனையில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. அட்டைப்பெட்டி முதலில் இறங்கியது, அப்புறம் ஹெர்னானி. மெலிந்திருந்தார். அக்கா ஓடவில்லை. கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நடந்துபோய், "என்ன, வழி தெரிஞ்சுதா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அட்டைப்பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் அறை நிரம்பிவிட்டது. ஹெர்னானிக்குப் பிரம்பு நாற்காலி. அக்கா குழந்தை இயேசுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பென் டிரைவை எடுத்தார். முதலில் நாய்ப் படம். முன்கதை சொல்லப்பட்டது. நாய் நொண்டிக்கொண்டே பாலத்தைக் கடந்தது. தெருவுக்குள் வந்தது. வீட்டுப் படியில் ஏறியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

அப்போது கர்ரென்று ஒரு சத்தம். ஹெர்னானி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"தூங்கட்டும்க்கா! நாம பாப்போம்!" என்று மரிவிக் கதறினாள். "நாய் வாசல்ல நிக்குதுக்கா! கதவு மட்டும்தான் தொறக்கணும்!" முடிவு தெரிந்தவளே இப்படிக் கெஞ்சினால் நாங்கள் என்ன செய்வோம்? ஆளாளுக்குக் கெஞ்சினோம்.

அக்கா படத்தை நிறுத்தினார். நாய் ஒரு காலைத் தூக்கியபடி படியில் உறைந்து நின்றது. அக்கா அதைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. எழுந்துபோய், தலையாட்டிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிடித்து நாற்காலிப் பக்கம் திருப்பி, அது இனி வேறு பக்கம் போகாதபடி பின்னாலிருந்த குமிழை மேலே இழுத்துவிட்டார்.