முந்திக் கட்டினால் குற்றமா?

கடனைப் பிந்திக் கட்டினால் தண்டம். அது எல்லோருக்கும் தெரியும். முந்திக் கட்டினாலும் தண்டமாமே... உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது.

பெரியகல்லாற்றில் நாங்கள் கட்டிய வீட்டின் உறுதிப் பத்திரம் களுவாஞ்சிக்குடி வங்கியொன்றில் ஈட்டில் இருந்தது. பதினைந்து வருடக் கடன். இதற்கிடையில், என் மனைவி ரஞ்சிக்கு அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்த படுவான்கரை வயலை விற்றோம். முழுக் கடனையும் அடைத்துவிடலாம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரஞ்சியோடு வங்கிக்குப் போனேன். முகாமையாளர் எழுந்து கைகொடுப்பார் என்றொரு நினைப்பு!

கடன் பகுதியில் ஓட்டமாவடிப் பிள்ளை பர்வீன் இருந்தார். மிச்சம் இருபது லட்சம் என்றார். முந்திக் கட்டுவதால் அதற்கு நூற்றுக்கு நான்கு — எண்பதாயிரம் ரூபா — மேலதிகமாக வரும் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓடி ஒளியாமல் காசோடு வந்து நிற்கிறவனுக்கா தண்டம் என்று சத்தம் போட்டேன்.

“பதினஞ்சு வருசத்து வட்டிய நம்பித்தான் சேர் பேங்க் கடன் தந்தது. இடையில முடிச்சா எங்களுக்கு நட்டம்தானே. ஒப்பந்தத்துல இரிக்கி. நீங்க கையெழுத்தும் வெச்சிரிக்கீங்க.”

வைத்திருந்தேன். பக்கத்துக்கு ஒன்றாக. ஒரு வரியும் வாசிக்காமல்... இந்தப் பத்தியில் வாரா வாரம் உங்களை வாசிக்கச் சொல்கிறவன்!

சத்தம் போட்டது பெரிய வெட்கமாகிவிட்டது. கட்டிவிட்டுப் போவோம் என்று ரஞ்சியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் அசையவில்லை.

“அப்பா வெயிலுக்க நிண்டு உழுத வயல். அதில ஒரு வரம்பையும் நான் சும்மா குடுக்கமாட்டன்.”

 

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணாடியை மாட்டினாள். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய டீச்சர் அல்லவா? அரை மணித்தியாலம் கழித்து, பதினோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. வருடத்துக்கு ஒருமுறை மிச்சக் கடனில் கால்வாசியைத் தண்டமில்லாமல் கட்டலாம். ஐந்து வருடம் முடிந்துவிட்டால் தண்டமே இல்லை.

“எங்களுக்கு அஞ்சு வருசம் எப்ப மகள் முடியிது?” என்று பர்வீனிடம் கேட்டாள்.

பர்வீன் கணினியைப் பார்த்தார். இன்னும் இரண்டே மாதம்!

அன்றே ஐந்து லட்சத்தைக் கட்டினோம். மிச்சக் காசை அதே வங்கியில் வைப்பில் போட்டுவிட்டுப் பொறுத்திருந்தோம். மிச்சக் கடனுக்கு இரண்டு மாத வட்டி, அந்தத் தண்டத்தில் பாதிகூட இல்லை. கணக்குப் போட்டுக் காட்டியது, நான் சத்தம் போட்ட அதே பர்வீன்தான்.

மிச்சத்தையும் கட்டி முடித்தோம்; போன வெள்ளி உறுதி கைக்கு வந்தது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை ரஞ்சி அதை மடியை விட்டு எடுக்கவில்லை.

இந்த விதி வங்கிக்கு வங்கி மாறும். ஆகவே, வீட்டுக் கடன் எடுக்கிற அன்றைக்கே, முந்திக் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

கேட்கக் கூச்சமா? அப்படியானால், வாசிக்கிற மனுசியாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்!