ஆள் உள்ளே வேலை செய்கிறார்

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் தன் கணவர் யாரோடும் சண்டை போட்டு அவள் பார்த்ததில்லை. கடைக்காரர் அழுகிய தக்காளியைப் போட்டுக் கொடுத்தால்கூட, திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, அழுகின பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கிற மனிதர் அவர். அவளுடைய தம்பி அவருக்கு வைத்த பெயர் ‘வாயில்லாப் பூச்சி மாமா’. அதைக் கேட்டால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் லிப்ட் மெக்கானிக். தனக்கென்று ஆசையாக அவர் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு இணையதளம். லிப்ட் பழுதாகி நின்றால் அதன் பலகையில் ஒரு எண் மினுக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று லிப்ட் தயாரித்த கம்பெனி வெளியாட்களுக்குச் சொல்லாது. இவர் பதினொரு வருடமாக, எந்த எண் வந்தது, எதைக் கழற்றினேன், எப்படிச் சரியானது என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி வந்தார். நாலாயிரத்துச் சொச்சம் குறிப்புகள். முகம் தெரியாத ஊர்களில் இருக்கிற மெக்கானிக்குகள் அதைப் பார்த்து லிப்டை ஓடவைத்துவிட்டு, ‘நன்றி அண்ணே’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வரியை அவர் இரண்டு தடவை படிப்பார்.

அப்போதுதான் அந்தச் சட்டம் பேச்சுக்கு வந்தது. இணையத்தில் திருட்டு நகல்களைத் தடுப்பதற்கான சட்டம் என்றார்கள். ‘என் பொருளைத் திருடிவிட்டார்கள்’ என்று யாராவது ஒரு புகார் எழுதினால் போதும். விசாரிப்பதற்கு முன்னாலேயே அந்தத் தளத்தின் பெயரை இணையத்திலிருந்து தூக்கிவிடலாம். ஒரு லிப்ட் கம்பெனி ஏற்கெனவே இவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. பழுது எண்கள் தங்கள் சொத்தாம். இவருடைய தளத்தின் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த இணையக் கம்பெனியோ, சட்டத்தை ஆதரித்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. சட்டம் வந்தால் முதல் வேலையாக இவர் தளத்தைத்தான் அணைப்பார்கள்.

அந்த இணையக் கம்பெனியைப் புறக்கணிப்போம், வியாழக்கிழமை எல்லோரும் அவரவர் தளத்தின் பெயரை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு வெளியேறுவோம் என்று இணையத்தில் ஒரு அழைப்பு சுற்றியது.

“நானும் போறேன்” என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“நீங்களா?” என்றாள் அவள். “ஏங்க, பாதி வழியில பேரு தொலைஞ்சு போச்சுன்னா? பதினோரு வருஷம்ங்க.”

“தொலையலாம்தான்.” அவர் தண்ணீர் குடித்தார். “ஆனா நம்மள வித்துட்டவன் வீட்லயே குடியிருக்க முடியாதும்மா.”

வியாழக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். அங்கேதான் தொழில்புத்தி காலை வாரிவிட்டது. லிப்ட் வேலையில் எதையும் தொடுவதற்கு முன்னால் மின்சாரத்தை அணைப்பார்கள்; சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வைப்பார்கள்; சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். இருபது வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. தளத்தை அணைத்தார். கம்பெனியின் பக்கத்தில் ‘பூட்டு’ என்று ஒன்று இருந்தது, அதையும் அழுத்தினார். பிறகு வெறுமையான தளத்தில் அந்த அட்டையின் வாசகத்தை எழுதிவைத்தார்: ‘ஆள் உள்ளே வேலை செய்கிறார். சுவிட்சைத் தொடாதீர்கள்.’

பிறகு பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லி வேறொரு கம்பெனிக்கு எழுதினார். அரை மணியில் அந்தப் புதுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பெயர் பூட்டப்பட்டிருக்கிறது, மாற்ற முடியாது. வெளியே விடாமல் வைப்பதற்கான பூட்டு அது. திறக்க வேண்டுமானால் பழைய கம்பெனிக்குத்தான் போன் செய்து கேட்க வேண்டும்.

“நல்லா இருக்கு! வெளிய போறதுக்கு முன்னாடி வாசலப் பூட்டிட்டீங்க” என்று அவள் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. அவர் பழைய கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை செய்பவள். காத்திருக்க வைத்தே ஆளை விரட்டுகிற வித்தை அவளுக்கு அத்துப்படி. இன்னும் கொஞ்ச நேரத்தில் மனிதர் “பரவாயில்லைங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார் என்று நினைத்தபடி அவள் வேலைக்குக் கிளம்பினாள். மத்தியானம் சாப்பிட வந்தபோதும் போன் அவர் காதிலேயே இருந்தது.

“சார், எதுக்காகப் போறீங்கன்னு சொன்னா, நாங்க ஏதாவது சலுகை...” என்று எதிர்முனையில் ஒரு பெண் ஆரம்பித்தாள்.

“இதோட ஒம்போதாவது தடவை கேக்கறீங்க. நானும் ஒம்போதாவது தடவை சொல்றேன்ம்மா. நீங்க கையெழுத்துப் போட்ட சட்டம் தப்பு. அதனால போறேன். உங்க மேல கோபம் இல்ல. பூட்டத் திறந்துவிடுங்க.”

குரல் உயரவே இல்லை, நகரவும் இல்லை. மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் தொடாமல் இருந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்த மனிதருக்குள் இப்படி ஒருவர் இருந்தாரா என்று அவள் கதவோரமாக நின்று பார்த்தாள். மூன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பூட்டுத் திறந்தது. ஆனால் பெயர் புது இடத்துக்குப் போய்ச் சேர ஐந்து நாள் ஆகும். அதுவரை தளம் இருட்டுதான்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் அவள் போனில் படங்கள் வந்து விழுந்தன. தளம் இருந்த இடத்தில் அட்டையைப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரவர் லிப்ட் அறையில் அதே வாசகத்தைச் சிவப்பு அட்டையில் எழுதித் தொங்கவிட்டுப் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் அவற்றை அப்படியே அவளுக்குத் தள்ளிவிட்டிருந்தார். பனிக்குல்லா போட்ட ஒருவர். கை முழுக்கக் கிரீஸோடு ஒரு பெண். அவளுக்கு எழுத்தே தெரியாத மொழிகள். பிறகு லிப்டுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் சேர்ந்தார்கள். பறவை பார்ப்பவர்கள், பழைய ரேடியோ பிரியர்கள் எல்லோரும் தங்கள் தளத்தை அணைத்து அதே அட்டையை மாட்டிவிட்டு வெளியேறினார்கள். வெளியேறிய பெயர்களை எண்ணுகிற பக்கம் ஒன்று இருந்தது. அவள் ஒரு நோயாளியின் சீட்டை எழுதி முடிப்பதற்குள் அதில் நானூறு கூடியது. கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. அந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பெனி சட்டத்துக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெற்றது. அன்று மத்தியானமே போன் வந்தது. அதே பெண்.

“சார், நாங்க மனசு மாத்திக்கிட்டோம். நீங்க சரின்னா மாத்தறத ரத்து பண்ணி, இப்பவே உங்க தளத்தைத் திறந்துடறோம்.”

அவள் கணவரைப் பார்த்தாள். பாக்கி இருப்பது இரண்டு நாள். அதில் எதுவும் நடக்கலாம். சரி என்றால் இந்த நிமிடமே நாலாயிரம் குறிப்பும் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

“ரொம்ப நன்றிம்மா. கையெழுத்த எடுத்தது நல்ல விஷயம்” என்றார் அவர். “ஆனா எங்க வேலையில ஒரு சட்டம் உண்டு. அட்டைய மாட்டினவன்தான் கழட்டணும். வேற யாரும் தொடக்கூடாது.”

“எங்க அப்பாவும் மின்சார வேலைதான் சார்” என்றாள் அந்தப் பெண். “புரியுது. வெச்சிடறேன்.”

செவ்வாய்க்கிழமை காலை பெயர் புது இடத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த வாசகத்தை அழித்தார். குறிப்புகள் அத்தனையும் வரிசையாக மேலெழுந்து வந்தன. அவள் அவர் தோளில் கை வைத்தாள். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தாள்.

அதற்குள் எங்கிருந்தோ ஒரு வரி வந்து விழுந்தது: ‘அண்ணே, நாலாவது மாடில நிக்குது. எண் முப்பத்தேழு. உள்ள ஆள் இருக்காங்க.’

அவர் ஏற்கெனவே பதிலைத் தட்டிக்கொண்டிருந்தார்.